ஒரே கூடத்தில் இருப்பதாக நம்பும் பெட்டிகள்

ஸ்கூடாயில் பெரியப்பா வீட்டுக் கூடம். தரையில் இரண்டு குண்டு டிவிகள், இரண்டு எக்ஸ்பாக்ஸ் பெட்டிகள், நடுவில் ஒரு நீலக் கேபிள். அண்ணன் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். விடிகாலை நாலரைக்கே மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலம் கடக்கிற பெருங்கூட்டத்தில் அவரும் ஒருவர். இரண்டாவது பெட்டி, அங்கே கூட வேலை செய்தவர் மலிவாகக் கைமாற்றி விட்டது. கேபிளின் இரு முனைகளையும் ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகியாயிற்று. இரண்டு திரையிலும் ஹேலோ ஓடியது. ஆனால் ஒரு பெட்டியின் கண்ணுக்கு இன்னொரு பெட்டி தென்படவே இல்லை.

பக்கத்து வீட்டில் டெலிபோன் வயரிங் வேலை செய்யும் மாமா ஒருவர் இருந்தார். வந்து குனிந்து பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே வயர்ல பேசுறாங்க தம்பி, ஒரே வயர்ல காதை வச்சிருக்காங்க. யார் பேசுறது யாருக்குக் கேக்கும்?” என்றார். கேபிளின் ஒரு முனையை வெட்டி, பச்சைக் கம்பி ஜோடியையும் ஆரஞ்சு ஜோடியையும் இடம் மாற்றி, புதுத் தலை போட்டு நசுக்கிக் கொடுத்தார். பத்து நிமிட வேலை. மறுபடி செருகியதும் அண்ணனின் பெட்டி என் திரையில் வந்து நின்றது.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் பாதிப் பாடம் இருக்கிறது. அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். எக்ஸ்பாக்ஸ் பயன்படுத்தும் 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு இரண்டு ஜோடிகளே போதும். 1, 2-ஆம் கம்பிகளில் பெட்டி பேசும். 3, 6-ஆம் கம்பிகளில் கேட்கும். நடுவில் சுவிட்ச் ஒன்று இருந்தால் அது தன் பக்கத்தில் இந்த வரிசையை மாற்றி வைத்திருக்கும். சாதாரண நேர்க் கேபிளே போதும். இரண்டு பெட்டிகளை நேருக்கு நேர் மாட்டினால்தான் சிக்கல். அப்போது பேச்சும் கேட்பும் கேபிளுக்குள்ளேயே குறுக்கே மாறியாக வேண்டும். இப்போது வரும் லேப்டாப்பும் ரௌட்டரும் எது எந்த ஜோடி என்று தாமே கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்கின்றன. 2001 நவம்பரில் வெளிவந்த எக்ஸ்பாக்ஸுக்கு அந்த வித்தை தெரியாது. பழைய பெட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டு இணையவில்லையே என்று கவலைப்படுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கேபிள் நேரா, குறுக்கா?

கம்பி சரியான பிறகு வருகிற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. முகவரி எதையும் நாங்கள் தட்டவில்லை. எண் கொடுக்கவில்லை, பெயர் கொடுக்கவில்லை. பிறகு எப்படி ஒரு பெட்டி இன்னொன்றைக் கண்டுபிடித்தது?

தாமானுக்குள் கோயில் ஒலிபெருக்கி அறிவிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னாருக்கு என்று பெயர் சொல்லி அது பேசுவதில்லை. காது கேட்கும் தூரத்தில் இருக்கும் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்கிறது, தேவைப்படுபவர் வருவார். எக்ஸ்பாக்ஸும் அதையே செய்கிறது. ‘சிஸ்டம் லிங்க்’ என்ற வகையில் ஆட்டம் தொடங்கியதும், “இங்கே ஒரு ஆட்டம் நடக்கிறது” என்ற சிறு பொதியைக் கம்பியில் மாட்டியிருக்கும் எல்லாருக்குமாக அனுப்பும். அந்தப் பொதியில் அனுப்புநர் முகவரி 0.0.0.1 என்று இருக்கும். இணையத்தில் எங்குமே செல்லாத முகவரி அது. வடிவமைத்தவர்கள் வெளி உலகத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. நான்கு பெட்டிகள், பெட்டிக்கு நான்கு பேர், மொத்தம் 16 பேர் ஒரே வீட்டில் ஆடுவார்கள் என்பதுதான் அவர்கள் மனத்தில் இருந்த காட்சி.

இந்தக் காட்சி எக்ஸ்பாக்ஸுக்கு முன்பே உண்டு. 1987-இல் அடாரி எஸ்.டி. கணினிகளுக்கு வந்த ‘மிடி மேஸ்’ என்ற ஆட்டத்தில், இசைக் கருவிகளை இணைக்கும் மிடி கேபிள்களை வளையமாக மாட்டி 16 கணினிகள் வரை சேர்ந்து ஆடலாம். சோனியின் முதல் பிளேஸ்டேஷனின் பின்புறம் இரு பெட்டிகளை இணைக்க ஒரு துளை இருந்தது. நின்டெண்டோவின் கேம்கியூபில் தனி அடாப்டர் மாட்டினால் ‘மரியோ கார்ட்: டபுள் டாஷ்’ ஆட்டத்தை எட்டுப் பெட்டிகளில் 16 பேர் ஆடலாம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை: எதிரே இருப்பவர் இதே கூடத்தில்தான் இருக்கிறார்.

கூடத்துக்கு வெளியே போக வேண்டுமானால் அந்த நம்பிக்கை கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு ரௌட்டர் ஒலிபெருக்கிப் பொதிகளை வாசலிலேயே நிறுத்திவிடும். அது சரியான செயலும்கூட. ஒவ்வொரு வீட்டின் பொது அறிவிப்பும் உலகம் முழுக்கப் பரவினால் இணையம் ஒரு நிமிடம் தாங்காது. அதனால் ஸ்கூடாயில் கூப்பிடும் குரல் கூலாயில் கேட்காது. 2000-களின் தொடக்கத்தில் ஆர்வலர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அதில் இன்றுவரை நிலைத்திருப்பது எக்ஸ்லிங்க் கை என்ற இலவச மென்பொருள். வீட்டுக் கணினி ஒன்று எக்ஸ்பாக்ஸ் இருக்கும் அதே கம்பியில் காதை வைத்துக் கேட்கிறது. கேட்ட ஒவ்வொரு பொதியையும் அப்படியே, ஓர் எழுத்தும் மாற்றாமல், இன்னொரு உறைக்குள் போடுகிறது. அந்த வெளி உறையின் மேல் இணையத்தில் செல்லுபடியாகும் முகவரி இருக்கும். கோலாலம்பூரில் நண்பரின் கணினி உறையைப் பிரித்து, உள்ளே இருப்பதைத் தன் வீட்டுக் கம்பியில் விடுகிறது. இந்தத் தாமானின் அறிவிப்பை ஒருவர் எழுதிக்கொண்டு போய் அந்தத் தாமானின் ஒலிபெருக்கியில் வாசிப்பது போல. அங்கே இருக்கும் எக்ஸ்பாக்ஸ், பக்கத்து அறையிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறது. இரு முனைகளிலும் பெட்டியை யாரும் திறக்கவில்லை, ஆட்டத்தின் நிரலைத் தொடவில்லை. இந்த எளிமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

முகவரியை இப்படி மறைத்துவிடலாம். தூரத்தை மறைக்க முடியாது.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் போகிறது, வெற்றிடத்தில் போவதில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோநொடி. ஜொகூர் பாருவிலிருந்து பாலம் கடந்து சிங்கப்பூரின் நடுப்பகுதிக்கு 25 கி.மீ. என்று வைத்தால் போய்வர கால் மில்லிநொடி. கோலாலம்பூருக்கு நெடுஞ்சாலைத் தூரம் சுமார் 330 கி.மீ.; போய்வர மூன்றரை மில்லிநொடிக்கும் குறைவு. தோக்கியோ நேர்க்கோட்டில் 5,300 கி.மீ.; போய்வர 53. வழியில் இருக்கும் கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம், கேபிள் வளைந்து போகும் கூடுதல் தூரம் எல்லாம் இதற்கு மேல் சேரும். இதற்குக் கீழே மட்டும் இறங்கவே இறங்காது.

இந்தக் கணக்கில் சென்னைக்கு ஒரு தனி இடம் உண்டு. 2002-இல் செயல்பாட்டுக்கு வந்த ‘ஐ2ஐ’ கடலடிக் கேபிள் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கிறது. நீளம் சுமார் 3,200 கி.மீ. அது கரையேறும் இடம் துவாஸ், நம் இரண்டாவது பாலம் போய் இறங்கும் அதே பகுதி. ஒளி இந்தக் கேபிளில் போய்வர 32 மில்லிநொடி ஆகும். எக்ஸ்பாக்ஸுக்கு அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு வரம்பு வைத்தது: சிஸ்டம் லிங்க்கில் போய்வரும் நேரம் 30 மில்லிநொடியைத் தாண்டினால் எதிர்ப்பெட்டி இந்த அறையில் இல்லை என்று முடிவு செய்து விலக்கிவிடும். ஜொகூரிலிருந்து கோலாலம்பூருக்கு ஆடலாம், பினாங்குக்கு ஆடலாம். சென்னையில் இருக்கும் மாமா பையனோடு ஆட முடியாது. எவ்வளவு நல்ல இணையம் வாங்கினாலும் ஒளியின் வேகமே அந்த 2 மில்லிநொடியை விட்டுக்கொடுக்காது. முதல் எக்ஸ்பாக்ஸில் இப்படிக் கதவடைப்பு கிடையாது. தாமதம் கூடக் கூட ஆட்டம் தடுமாறும், அவ்வளவுதான்.

தடுமாற்றம் ஏன்? பழைய ஆட்டங்களில் பல, திரையில் நடப்பதைக் கம்பியில் அனுப்புவதில்லை. யார் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை மட்டும் அனுப்பும். இரண்டு பெட்டிகளும் ஒரே நிரலை, ஒரே நிலையிலிருந்து, ஒரே பொத்தான் வரிசையோடு ஓட்டுவதால் இரண்டிலும் ஒரே உலகம் உருவாகிறது. இரண்டு ஊர்களில் இரண்டு பேர் ஒரே ராகத்தை ஒரே தாளத்தில் பாடுவது மாதிரி. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எதிராளியின் பொத்தான் செய்தி வந்து சேரும்வரை அடுத்த படத்துக்கு நகரக் கூடாது. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. கோலாலம்பூர் அதற்குள் வசதியாக அடங்குகிறது. தோக்கியோவிலிருந்து செய்தி ஒரு வழி வந்து சேரவே ஒன்றரைப் படத்துக்கு மேல் தின்றுவிடுகிறது.

நம் நாட்டுக்கு இதில் இன்னொரு சிக்கல். மலேசியத் தொலைக்காட்சி அந்நாளில் பால் முறையில் இருந்தது, நொடிக்கு 50. ஜப்பானும் அமெரிக்காவும் 60. இரு பக்கத்துப் பெட்டிகளும் இங்கே கலந்து புழங்கின. படத்தை எண்ணி எண்ணி நகரும் ஓர் ஆட்டத்தில் ஒரு பெட்டி நொடிக்கு 50 தட்டும் இன்னொன்று 60 தட்டும் போட்டால் தாளம் எப்படி ஒட்டும்? பின்னாளில் வந்த கன்சோல்களில் 60-க்கு மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது. அதற்கு முந்தியவற்றில் இரண்டும் ஒரே நாட்டுப் பெட்டியா என்று பார்த்து வாங்குவதுதான் வழி.

தாளம் என்று சொன்னதும் கேம் பாய் நினைவுக்கு வருகிறது. 1989-இல் வந்த அந்தக் கைப்பெட்டியின் இணைப்புக் கேபிளை வடிவமைத்தவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். ஒரு பெட்டி தாளம் போடும், நொடிக்கு 8,192 தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிட் அங்கே போகும். அதே தட்டில் அங்கிருந்து ஒரு பிட் இங்கே வரும். எட்டுத் தட்டில், ஏறத்தாழ ஒரு மில்லிநொடியில், இரண்டு பெட்டிகளும் ஒரு பைட்டை முழுவதுமாக மாற்றிக்கொண்டிருக்கும். கொடுக்காமல் வாங்கவே முடியாத ஏற்பாடு. கேபிள் ஒரு மீட்டர்தான் இருக்கும் என்று தெரிந்து செய்தது. அந்தக் கேபிளை இணையத்தில் நீட்ட நினைப்பவருக்கு இதுவே பெரிய முட்டுக்கட்டை: எட்டாவது தட்டு முடியும்போது பதில் கையில் இருந்தாக வேண்டும், ஆனால் பதில் இன்னும் கடலுக்கு அடியில் வந்துகொண்டிருக்கும். 2021-இல் ஒரு பொறியாளர், ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்னப் பலகையைக் கேம் பாயில் மாட்டி டெட்ரிஸை இணையத்தில் ஆடவைத்துக் காட்டினார். டெட்ரிஸ் எதிராளியிடம் கேட்பது மிகக் குறைவு என்பதால் அது நடந்தது: கட்டைகள் எவ்வளவு உயரம் அடுக்கியிருக்கின்றன, எத்தனை வரி தள்ள வேண்டும், அவ்வளவே. விரைவுப் பந்தய ஆட்டம் ஒன்றுக்கு இதே பலகை போதாது. ஆகவே எந்தக் கன்சோல் என்பதைவிட எந்த ஆட்டம் என்பதே முதல் கேள்வி.

தாமதத்தை வெல்ல இன்னொரு பாதையும் உண்டு. அது பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு அதன் பிரதியைக் கணினிக்குள் ஓட்டும் பாதை. எதிராளியின் செய்தி வரவில்லையா? போன படத்தில் அழுத்தியதையே இப்போதும் அழுத்துகிறார் என்று ஊகித்து ஆட்டத்தை நகர்த்து. ஊகம் தப்பென்று தெரிந்தால், சேமித்து வைத்த பழைய நிலைக்குத் திரும்பி, சரியான பொத்தானோடு விடுபட்ட படங்களை ஒரு கணத்தில் மறுபடி ஓட்டிப் பிடித்துவிடு. டோனி கேனன் உருவாக்கிய ஜி.ஜி.பி.ஓ. என்ற நிரல் இந்த முறையைச் சண்டை ஆட்டக்காரர்களிடையே பரப்பியது. பழைய ஆட்டங்களுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் அவற்றின் சிறிய அளவு. ஃபாமிகாம் பெட்டியின் முதன்மை நினைவகம் வெறும் 2 கிலோபைட். அதன் முழு நிலையையும் ஒவ்வொரு படத்துக்கும் பிரதி எடுத்து வைப்பது இன்றைய கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை. 64 மெகாபைட் வைத்திருக்கும் எக்ஸ்பாக்ஸில் அது எளிதல்ல. எனக்கோ கையில் அந்தப் பழைய பெட்டியின் சூடும் சத்தமும் வேண்டும். அதனால் உறைக்குள் உறை வைக்கும் பாதையிலேயே நிற்கிறேன்.

கைப்பெட்டிகளில் வேறு சோதனை. பிஎஸ்பி-யின் ‘அட் ஹாக்’ வகை, நடுவில் ரௌட்டரே இல்லாமல் இரண்டு பெட்டிகள் காற்றில் பேசிக்கொள்வது. மாமாக் கடையில் ஒரு மேசை கிடைத்தால் போதும், தே தாரிக் ஆறுவதற்குள் நான்கு பேர் ‘மான்ஸ்டர் ஹன்ட்டர்’ வேட்டைக்குக் கிளம்பிவிடலாம். நின்டெண்டோ டிஎஸ் இணையத்துக்குப் போக வேண்டுமென்றால்தான் தலைவலி. அதன் ஆட்டங்களுக்குத் தெரிந்த ஒரே பூட்டு வெப் என்ற பழைய, எளிதில் உடைபடும் பூட்டு. இன்று வீட்டில் மாட்டிக் கொடுக்கும் ரௌட்டர் அந்தப் பூட்டை ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. தனியாக ஒரு பழைய ரௌட்டரை ஆடும் நேரத்துக்கு மட்டும் போட்டு, முடிந்ததும் அணைத்துவிடுவது நல்லது.

டிரீம்காஸ்ட் இருக்கிறதே, அது தொலைபேசியோடு பிறந்தது. சேகா 1998 நவம்பரில் ஜப்பானில் வெளியிட்ட அந்தப் பெட்டிக்குள் மோடம் இருந்தது. 2000 டிசம்பரில் வந்த ‘ஃபேண்டசி ஸ்டார் ஆன்லைன்’ ஆட்டத்தில் முகம் தெரியாத நான்கு பேர் சேர்ந்து போரிட்டார்கள். அந்நாளில் இங்கே இணையம் என்றால் 1515-ஐ அழைத்து டிஎம்நெட் மோடத்தின் கீச்சொலியைக் கேட்டுக் காத்திருப்பது. வீட்டில் ஒருவர் இணையத்தில் இருந்தால் பாட்டிக்கு வரும் போன் வராது. இப்போது வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டது. அழைக்க எண்ணும் இல்லை, எடுக்க ஆளும் இல்லை. டிரீம்காஸ்ட் மட்டும் இன்னும் எண்ணைச் சுழற்றக் காத்திருக்கிறது. அதற்காக எழுதப்பட்டதுதான் ‘டிரீம்பை’. ராஸ்பெரி பை கணினியில் ஒரு யுஎஸ்பி மோடத்தை மாட்டி, டிரீம்காஸ்டின் தொலைபேசிக் கம்பியை அதில் செருக வேண்டும். அது டயல் ஒலியை ஒலிக்கிறது. டிரீம்காஸ்ட் எண்களைத் தட்டுவதைக் காது கொடுத்துக் கேட்கிறது. பிறகு, அந்தக் காலத்து இணைய நிறுவனம் போலவே போனை எடுக்கிறது. சில மோடம்களுக்கு உயிருள்ள தொலைபேசிக் கம்பியில் இருக்கும் மின்னழுத்தத்தையும் தனியே கொடுத்தாக வேண்டும். சின்ன மின்சுற்று ஒன்றை நடுவில் சேர்க்கிறார்கள். ஒரு நாட்டின் தொலைபேசி அமைப்பு முழுவதையும் உள்ளங்கை அகலப் பலகை ஒன்று நடித்துக் காட்டுகிறது. மறுமுனையில் சில்வரண்ட் போன்ற தன்னார்வச் சர்வர்கள் அந்த நால்வர் போரை இன்றும் நடத்துகின்றன.

தன்னார்வச் சர்வர்கள் தேவைப்படுவது ஏன் என்றால், நிறுவனத்துச் சர்வர்கள் மூடப்படுகின்றன. முதல் எக்ஸ்பாக்ஸுக்கான லைவ் சேவை 2010 ஏப்ரல் 15-இல் நின்றது. பெட்டியை அணைக்காமல் விட்டவர்களின் இணைப்பு மட்டும் உடனே அறுபடவில்லை. ஹேலோ 2 ஆட்டத்தில் கடைசியாக 14 பேர் பெட்டி சூடேறச் சூடேற விழித்திருந்தார்கள். மே மாதம் இரண்டாம் வாரத்தில்தான் கடைசி ஆள் வெளியேறினார். டிஎஸ், வீ ஆகியவற்றின் இணைய ஆட்டம் 2014 மே 20-இல் மூடப்பட்டது. 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றுக்கு 2024 ஏப்ரல் 8. காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தின் பாதி, ஓர் இரவில் காணாமல் போகிறது. இது எனக்கு ஆறாத வருத்தம். குறுக்குக் கேபிள் ஒன்றை மட்டும் கேட்ட சிஸ்டம் லிங்க் இன்றும் வேலை செய்கிறது. யாரோ ஒருவரின் சர்வரிடம் அனுமதி கேட்ட வசதிகள் எல்லாம் நின்றுபோயின. இன்று ஆட்டங்களை உருவாக்குகிறவர்கள் கம்பி வழி ஆட்டத்தைத் தேவையற்றது என்று கழித்துவிடுவதைப் பார்க்கும்போது, இதை யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

மூடியதைத் திறக்க நடக்கும் வேலை இதைவிடக் கடினம். சர்வர் நிரல் நிறுவனத்திடம் இருக்கிறது, வெளியே வராது. பெட்டி என்ன கேட்கிறது, சர்வர் என்ன பதில் சொன்னது என்பதைப் பொதி பொதியாகப் பார்த்து, அதே பதிலைச் சொல்லும் புதுச் சர்வரைத் தன் கையால் எழுத வேண்டும். பிறகு பெட்டியைப் புதிய இடத்துக்குத் திருப்ப வேண்டும். பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் எண்ணை மாற்றினால் பல நேரம் அது நடந்துவிடும், பழைய பெயரைக் கேட்கும் பெட்டிக்குப் புதிய முகவரி கிடைக்கும். வீ, டிஎஸ் இரண்டுக்கும் விம்ஃபி இப்படி வந்தது. முதல் எக்ஸ்பாக்ஸுக்கு இன்சிக்னியா 2022-இல் திறந்தது, பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு. ஏற்கெனவே மூடிவிட்ட சேவையைப் பொறுத்தவரை பதில் சொல்ல எதிரே ஆள் இல்லை. பெட்டியின் கேள்வியை மட்டும் வைத்துப் பதிலை ஊகிக்க வேண்டியிருக்கிறது. 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றுக்காகப் பிரெடெண்டோ என்ற குழு சேவை மூடுமுன்னரே வேலையைத் தொடங்கி, உயிரோடு இருந்த சர்வரோடு நடந்த உரையாடல்களைச் சேமித்து வைத்தது.

பழைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஜப்பான் பெட்டி 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் சுவரில் 240 வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மாட்டினால் அந்த நொடியே புகைந்துவிடும். எக்ஸ்பாக்ஸ் என்றால் மின்சாரம் கொடுப்பதற்கு முன் திறந்து பாருங்கள். அதன் கடிகாரத்தை உயிரோடு வைத்திருக்கும் மின்தேக்கி ஒன்று உண்டு. கடைசிப் பதிப்பு நீங்கலாக மற்றவற்றில் அது வயதானதும் கசிந்து, பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடுகிறது. ஜொகூரின் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பெட்டிக்கு இது கூடுதல் கெடுதல்.

பெரியப்பா வீட்டு இரண்டு பெட்டிகளிலும் அது கசிந்துதான் இருந்தது. அறுத்து எடுத்து, வினிகர் தொட்டுத் துடைத்து, ஸ்பிரிட்டால் கழுவி, ஒரு நாள் காயவைத்தேன். மின்தேக்கி இல்லாததால் பிளக்கைப் பிடுங்கி வைத்தால் பெட்டிக்குத் தேதி மறந்துவிடும். மாட்டியதும் இரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் மணி என்ன என்று கேட்டன. அண்ணன் ஒன்றில் போட்டார், நான் ஒன்றில் போட்டேன். ஒரு முனையில் பச்சையும் ஆரஞ்சும் இடம் மாறிய அதே நீலக் கேபிளை எடுத்துச் செருகினோம். சிஸ்டம் லிங்க்கைத் தேர்ந்தெடுத்ததும் அவருடைய ஆட்டம் என் திரைப் பட்டியலில் வந்தது.